ஒலி அட்டை: தேவையா, ஆசையா?

கேள்விக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார் வள்ளுவர். அவர் பேசியது சான்றோர் சொல் கேட்கும் செவியைப் பற்றி. இக்கட்டுரை பேசப்போவது, கணினித் திரையில் அடுத்த அறையில் பதுங்கியிருக்கும் எதிரியின் காலடி ஓசையைக் கேட்கும் செவியைப் பற்றி! வள்ளுவர் பொறுத்தருள்வார் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன்.

விளையாட்டுக்கென்றே கணினி அமைக்கும் மாணவர்களுக்கு நம் விடுதிகளில் பஞ்சமில்லை. செயலி, வரைகலை அட்டை, நினைவகம், மின்வழங்கி என்று பட்டியல் நீளும். பட்டியலின் கடைசி வரியில் ஒரு கேள்விக்குறி வந்து நிற்கும். தனியாக ஓர் ஒலி அட்டை வாங்க வேண்டுமா? தாய்ப்பலகையில் இருக்கும் ஒலிச் சில்லு போதாதா?

நம்மில் பெரும்பாலோருக்குத் தனி ஒலி அட்டை வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் அது கட்டுரை ஆகாது. ஒரு காலத்தில் ஒலி அட்டை இல்லாத விளையாட்டுக் கணினி ஊமைக் கணினியாகவே இருந்தது. அந்நிலை ஏன் மாறியது? இன்றும் அது யாருக்குப் பயன்படும்? இவற்றைச் சொன்னால்தான் படிப்பவர் தம் பணத்தைப் பற்றித் தாமே முடிவெடுக்க முடியும்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் சிறு சங்கடமும் உண்டு. ஒலி அட்டை என்றதும் உலகமே உச்சரித்த பெயர் நம் ஊரில் பிறந்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

பேசத் தெரியாத கணினி

1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் தனிநபர் கணினியை வெளியிட்டபோது அதற்குள் ஒரு சிறிய ஒலிபெருக்கிதான் இருந்தது. "பீப்" என்று ஒலிக்கும். விளையாட்டு எழுதியவர்கள் அந்த ஒற்றைப் "பீப்"பைக் கூட்டியும் குறைத்தும்தான் இசை என்ற பெயரில் ஏதோ செய்துகொண்டிருந்தார்கள்.

1987-இல் கனடாவின் ஆட்லிப் நிறுவனம் ஓர் இசை அட்டையை வெளியிட்டது. அதிலிருந்த யமஹா சில்லு ஒரே நேரத்தில் ஒன்பது குரல்களில் இசைக்கும். கணினிக்கு இசை வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்த மனிதக் குரலையோ துப்பாக்கிச் சத்தத்தையோ உள்ளபடி ஒலிக்க அதற்குத் தனி வழியில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் நம் ஊர்க்காரர் சிம் வோங் ஹூ. நீ ஆன் பல்தொழில் கல்லூரியில் படித்தவர். 1981-இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாக அவர் தொடங்கியதுதான் கிரியேட்டிவ் டெக்னாலஜி. 1989-இல் அந்நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. ஆட்லிப் இசை, பதிவு செய்த ஒலி, விளையாட்டுக் கைப்பிடியை இணைக்கும் துளை ஆகிய மூன்றையும் ஒரே அட்டையில் தந்தது. விளையாட்டு நிறுவனங்கள் அந்த அட்டையை மனத்தில் வைத்தே ஒலியை எழுதின. மற்ற நிறுவனங்கள் தங்கள் அட்டைகளை "சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்தது" என்று சொல்லி விற்க வேண்டிய நிலை வந்தது. 1992-இல் 16 பிட் ஒலியுடன் அடுத்த அட்டை வந்தது. அதே ஆண்டில் கிரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனம் ஆனது.

அடுத்த பாய்ச்சல் 1998-இல் வந்தது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையும் அதோடு சேர்ந்த இஏஎக்ஸ் நுட்பமும் விளையாட்டுக்குள் இருக்கும் இடத்திற்கேற்ப எதிரொலியை மாற்றின. சுரங்கத்தில் நடந்தால் ஒரு விதம், வெட்டவெளியில் நடந்தால் வேறு விதம். அக்காலத்தின் வேகமான செயலிகளில் ஒன்றான 400 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2, படம் வரையவே திணறிக்கொண்டிருந்தது. ஒலிக் கணக்கையும் அதன் தலையில் ஏற்றினால் விளையாட்டு தடுமாறும். அட்டையிலிருந்த தனிச் சில்லு அந்தச் சுமையை வாங்கிக்கொண்டது. ஆகவே, "ஒலி அட்டை போட்டால் விளையாட்டு வேகமாக ஓடும்" என்று அன்று சொன்னவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். இன்று அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதில்தான் கோளாறு.

அந்த வேலை எங்கே போனது?

ஒலி அட்டையின் வேலை மூன்று வழிகளில் கைமாறியது.

முதலாவது, தாய்ப்பலகையே ஒலியைச் சுமக்கத் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் 1997-இல் ஏசி 97 என்ற தரநிலையையும் 2004-இல் எச்டி ஆடியோ என்ற தரநிலையையும் வகுத்தது. ஒலிச் சில்லு எல்லாத் தாய்ப்பலகையிலும் வரும் சாதாரணப் பொருளாயிற்று.

இரண்டாவது, விண்டோஸ் மாறியது. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ஒலி அமைப்பையே திருத்தி எழுதியது. டைரக்ட்சவுண்ட் வழியாக விளையாட்டுகள் ஒலி அட்டையின் சில்லிடம் நேரடியாக வேலை வாங்கிய பாதை மூடப்பட்டது. ஒலிகளைக் கலக்கும் வேலை மென்பொருளிடம் போனது. 2005-இல் 5 கோடியே 10 லட்சம் டிரான்சிஸ்டர்களுடன் கிரியேட்டிவ் வெளியிட்ட எக்ஸ்-ஃபை சில்லுக்கு இது பேரிடி. பழைய விளையாட்டுகளுக்காக ஆல்கெமி என்ற மாற்று மென்பொருளை அந்நிறுவனம் தந்தது. புதிய விளையாட்டுகளோ அந்தப் பாதையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது, செயலி வளர்ந்தது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளையாட்டில் ஒரே நேரத்தில் 64 ஒலிகள் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஒலிக்கும் நொடிக்கு 48,000 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியையும் இரு காதுகளுக்கும் திசை தெரியும்படி மாற்ற, காதுக்கு 256 பெருக்கல் என்று தாராளமாகவே கொள்வோம். மொத்தம் நொடிக்கு ஏறத்தாழ 157 கோடிப் பெருக்கல்கள். நொடிக்கு 40 கோடித் துடிப்பு மட்டுமே கொண்ட அந்தப் பென்டியம் 2-க்கு இது கனவிலும் ஆகாத காரியம். இன்றைய மேசைக் கணினிச் செயலியின் ஒரே ஒரு கோர், நொடிக்குப் பல ஆயிரம் கோடிப் பெருக்கல்களைச் செய்யவல்லது. அப்படிப்பட்ட கோர்கள் ஆறோ எட்டோ ஒரு செயலியில் இருக்கின்றன. யானைக்கு ஒரு கவளம் சோறு கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

ஆகவே ஒலி அட்டை போட்டால் விளையாட்டின் வேகம் கூடும் என்ற எதிர்பார்ப்பை நாம் கைவிட்டுவிடலாம். வேகம் வேண்டுமென்றால் அந்தப் பணத்தை வரைகலை அட்டையில் சேர்ப்பதே முறை.

ஒலியின் தரம்?

"வேகம் வேண்டாம், ஒலி தெளிவாக இருக்குமே" என்பது அடுத்த வாதம். இதையும் எண்களால் அளந்து பார்க்கலாம்.

ஒலிக் கருவி ஒன்றின் மிக உரத்த ஒலிக்கும் அதன் உள் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை டெசிபலில் சொல்வார்கள். இசைத்தட்டின் 16 பிட் ஒலிக்கு இந்த இடைவெளி ஏறத்தாழ 96 டெசிபல். சென்ற பத்தாண்டில் நடுத்தர, உயர்நிலைத் தாய்ப்பலகைகள் பலவற்றில் இடம்பெற்ற ரியல்டெக் ஏஎல்சி 1220 சில்லுக்கு அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவு 120 டெசிபல். 2019-இல் 350 அமெரிக்க டாலர் விலையில் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏஇ-9 அட்டைக்குக் குறிப்பிடப்படும் அளவு 129 டெசிபல். தாளில் 129 பெரிது, 120 சிறிது. காதில்?

அமைதியான ஓர் அறையிலேயே ஏறத்தாழ 30 டெசிபல் இரைச்சல் இருக்கும். மின்விசிறியும் கணினி விசிறியும் சுழலும் விடுதி அறையில் அது இன்னும் கூடும். அந்த 30-க்கு மேல் 96 டெசிபல் இடைவெளி முழுவதையும் அனுபவிக்க வேண்டுமென்றால் ஒலி 126 டெசிபலை எட்ட வேண்டும். அது இன்பம் தரும் அளவன்று, காது வலிக்கும் அளவு. இசைத்தட்டின் 96-ஐயே முழுதாகப் பயன்படுத்த முடியாத இடத்தில் 120-க்கும் 129-க்கும் உள்ள வேறுபாட்டைத் தேடி ஆனை விலை குதிரை விலை கொடுப்பானேன்?

சில்லு நன்றாக இருந்தும் ஒலி கெட்டுப்போகும் சூழல் ஒன்று உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. கணினிப் பெட்டிக்குள் வரைகலை அட்டை கடுமையாக உழைக்கும்போது எழும் மின் இரைச்சல், சரியாகத் தடுப்பு அமைக்கப்படாத தாய்ப்பலகைகளில் ஒலிப் பாதைக்குள் புகுந்துவிடும். சுட்டியை நகர்த்தினால் காதில் "கிர்ர்" என்று கேட்கும். இது கற்பனையன்று, உண்மையான குறை. ஆனால் அதற்கும் முதல் மருந்து ஒலி அட்டையன்று. பெட்டியின் முன்பக்கத் துளையில் செருகியிருந்தால் எடுத்துப் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். முன்பக்கத் துளைக்குச் செல்லும் நீண்ட கம்பி வழியிலுள்ள இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரக்கூடியது. அப்படியும் தீரவில்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் சிறிய ஒலி மாற்றி ஒன்று போதும். தனி அட்டையும் அதே இரைச்சல் நிறைந்த பெட்டிக்குள், பெரும்பாலும் வரைகலை அட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். வெளியே இருக்கும் மாற்றிக்கு அந்தத் தொல்லை குறைவு. மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கோ அட்டை செருக இடமே கிடையாது. அவர்களுக்கு வெளி மாற்றி ஒன்றே வழி.

செருகுமுன் யோசிக்க

கணினி வாங்கப் போகிறவர்கள் பலர் கவனிக்காத செய்தி ஒன்றும் உண்டு. முதலாண்டு மாணவர் ஒருவரோடு நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"அண்ணே, நல்ல சவுண்ட் கார்ட் போட்டா எதிரி வர்ற சத்தம் முன்னாடியே கேட்குமாமே?"

"தம்பி, உன்கிட்ட இருக்கிற ஹெட்செட் எது?"

"யூஎஸ்பிண்ணே. போன மாசம்தான் வாங்கினேன்."

"அப்ப கார்ட் வாங்கினாலும் அது சும்மாதான் உட்கார்ந்திருக்கும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் உண்மை அதுதான். யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள்ளேயே ஒரு சிறு ஒலிச் சில்லு இருக்கிறது. கணினியிலிருந்து அதற்குப் போவது மின்னிலக்க எண்கள் மட்டுமே. அந்த எண்களை ஒலியாக மாற்றுவது ஹெட்செட்டின் வேலை. கம்பியில்லா ஹெட்செட்டுக்கும் இதே நிலைதான். எச்டிஎம்ஐ வழியாகத் திரையின் ஒலிபெருக்கியில் கேட்பவர்களுக்கும் ஒலி அட்டையின் மாற்றி பயன்படாது. 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகும் ஹெட்போனோ ஒலிபெருக்கியோ வைத்திருப்பவர்கள் மட்டுமே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள்.

ஏழு ஒலிபெருக்கியும் இரண்டு காதும்

எதிரி எந்தப் பக்கம் என்று அறிவதுதானே துப்பாக்கி விளையாட்டில் உயிர்நாடி? அட்டைப்பெட்டிகளில் "7.1" என்று பெரிதாக அச்சிடுவதும் அதற்காகத்தான். ஆனால் நமக்கு இருப்பவை இரண்டே காதுகள். இடப்பக்கம் எழும் ஒலி இடக்காதை முதலில் அடைகிறது. வலக்காதை அடைய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரமே கூடுதலாகிறது. தலை மறைப்பதால் வலக்காதில் ஒலி சற்று மங்குகிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் ஒலியில் செய்யும் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு மூளை ஊகிக்கிறது.

இந்த மாற்றங்களைக் கணக்கிட்டு ஒலியில் சேர்த்துவிட்டால் சாதாரண இரட்டை ஒலி ஹெட்போனிலேயே திசை தெரியும். அந்தக் கணக்கைச் செய்யத் தகுந்த இடம் விளையாட்டு மென்பொருள்தான். எதிரி எங்கே நிற்கிறான், நடுவில் சுவர் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத்தானே தெரியும்? 2016-இல் வந்த ஓவர்வாட்ச் விளையாட்டில் ஹெட்போனுக்கான டால்பி அட்மாஸ் உள்ளேயே இருந்தது. வேலரண்ட் 2021-இல் இத்தகைய வசதியைச் சேர்த்தது. அவ்வசதியை இயக்கிவிட்டு, ஒலி அட்டையின் மென்பொருளில் உள்ள செயற்கைச் சூழொலியையும் இயக்கினால் ஒரே ஒலிக்கு இரண்டு முறை திசை பூசப்படும். விளைவு தெளிவன்று, குழப்பம். இரண்டில் ஒன்றை மட்டும் இயக்குங்கள். விளையாட்டிலேயே வசதி இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் வேண்டும்?

சிலருக்கு வேண்டும். 250 ஓம், 300 ஓம் என்று மின்தடை மிகுந்த ஹெட்போன்கள் இருக்கின்றன. இசைப் பதிவுக்கூடங்களில் பயன்படும் அவ்வகை ஹெட்போனை எளிய தாய்ப்பலகையில் செருகினால் ஒலி மெலிந்து கேட்கக்கூடும். அவற்றுக்குத் தனிப் பெருக்கி தேவை. நல்ல ஒலி அட்டைகளில் அது இருக்கிறது. விளையாட்டுக்கென விற்கப்படும் ஹெட்செட்டுகளில் 32 ஓம் அளவே வழக்கம் என்பதால் அவற்றுக்கு இத்தேவை எழுவதில்லை. இஏஎக்ஸ் காலத்துப் பழைய விளையாட்டுகளை அன்று கேட்டதுபோலவே கேட்க விரும்பும் பழமை விரும்பிகளுக்கும் ஒலி அட்டை ஓர் அரிய பொருள். பாடிப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு வேண்டியதோ ஒலிவாங்கியை இணைக்கும் ஒலிப்பதிவு இடைமுகம். அதை விளையாட்டு ஒலி அட்டையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

"இல்லை, என் காதாலேயே வேறுபாட்டைக் கேட்டேன்" என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. அவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒலி அளவு சற்றே கூடினாலும் நம் மூளை அதைத் "தரம் கூடியது" என்றே எடுத்துக்கொள்ளும். புதிய கருவி சற்று உரக்க ஒலித்தாலே போதும், நாம் மயங்கிவிடுவோம். பெரும்பாலான அட்டைகளின் மென்பொருளில் அடித்தொனியைத் தூக்கிக் காட்டும் அமைப்பும் இருக்கும். வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு கருவிகளையும் ஒரே ஒலி அளவில் வைத்து, எல்லா மெருகூட்டும் வசதிகளையும் நிறுத்திவிட்டு, எது ஒலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்து முறையில் ஒன்பது முறை சரியாகச் சொன்னால் வாங்குங்கள், யார் தடுப்பார்? ஐந்து முறைதான் சரியாக வந்ததென்றால் காசைச் சுண்டிப் பார்த்தாலும் அதே விடைதான் கிடைத்திருக்கும்.

பணமும் செவியும்

பகுதிநேர வேலையில் சேர்த்த வெள்ளியோ பெற்றோர் அனுப்பிய வெள்ளியோ, மாணவரின் பணம் அளவானது. ஒலிக்கென்று ஒரு தொகை ஒதுக்கினால் அதில் பெரும்பகுதியை ஹெட்போனுக்கே கொடுங்கள். ஒலியின் குணத்தை அதிகம் மாற்றுவது காதில் அமரும் அந்தக் கருவிதான். ஹெட்போனுக்கும் ஹெட்போனுக்கும் உள்ள வேறுபாடு, ஒலிச் சில்லுக்கும் சில்லுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பன்மடங்கு பெரிது. சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களுக்குச் சென்றால், பெட்டியைப் பார்த்து வாங்காமல் தலையில் மாட்டிக் கேட்டுப் பார்க்க இடங்கொடுக்கும் கடையைத் தேடுங்கள். மூன்று மணி நேரம் விளையாடினாலும் காதை அழுத்தாமல் இருக்குமா என்பதையும் பாருங்கள்.

ஒலி அளவையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கத்தக்க அளவு 80 டெசிபல் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபலில் அது வாரத்திற்கு 4 மணி நேரமாகக் குறைகிறது. வார இறுதியின் ஓர் இரவிலேயே அந்த 4 மணி நேரம் தீர்ந்துவிடும். வலிமையான பெருக்கியை வாங்கிக் காலடி ஓசைக்காக ஒலியை ஏற்றிக்கொண்டே போகும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். செயலியை மாற்றலாம், வரைகலை அட்டையை மாற்றலாம். உட்காதில் அழிந்துபோன நுண்மயிர் அணுக்கள் மீண்டும் வளர்வதில்லை.

பெருமை வேறு, பட்டியல் வேறு

"நம் ஊர்ப் பொருளை வேண்டாம் என்கிறாயே" என்று என்மேல் சிலர் வருத்தப்படலாம். சிம் வோங் ஹூ 2023-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தம் 67-ஆம் வயதில் மறைந்தார். இயற்கை வளம் எதுவுமில்லாத இச்சிறு தீவிலிருந்து உலகக் கணினிகளுக்கெல்லாம் குரல் கொடுத்த மனிதர் அவர். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அவருடைய அட்டை வென்றதற்குக் காரணம் ஊர்ப்பற்று அன்று. கணினிக்குப் பேச வரவில்லை என்ற உண்மையான குறையை அது தீர்த்தது. அக்குறை இன்று இல்லை. கிரியேட்டிவ் நிறுவனமே 2018-இல் சூப்பர் எக்ஸ்-ஃபை என்ற நுட்பத்தை அறிமுகப்படுத்தியபோது, பயனரின் முகத்தையும் காதுகளையும் படமெடுத்து அவருக்கேற்ப ஹெட்போன் ஒலியைச் செதுக்கும் வழியைத்தான் நாடியது. தீர்க்கப்படாத குறை கணினிப் பெட்டிக்குள் இல்லை, கேட்பவரின் காதருகே இருக்கிறது என்பதை அட்டை செய்தவர்களே உணர்ந்துவிட்டார்கள்.

ஆகவே, அடுத்த முறை கணினிக்குப் பட்டியல் போடும் நண்பர்களே, கடைசி வரியில் ஒலி அட்டை என்று எழுதுமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என் ஹெட்போன் அந்த அட்டையில் செருகும் வகையா? இப்போது கேட்கும் ஒலியில் உண்மையாகவே என்ன குறை? அந்தக் குறையை இதைவிடக் குறைந்த செலவில் தீர்க்க முடியாதா? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்த பிறகும் அட்டை வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். பெரும்பாலான பட்டியல்களில் அந்த வரி தானாகவே அடிபட்டுப் போகும் என்பதே என் நம்பிக்கை. மிச்சமாகும் வெள்ளியில் ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள். விளையாடுங்கள், கேளுங்கள், ஒலியை மட்டும் சற்றுக் குறைத்தே வையுங்கள்!